நிமிர்த்திவைத்த ஒரு சொல்

சாய்ந்திருந்த ஒரு சொல்லை நான் ஒருமுறை நிமிர்த்திவைத்தேன். ஐந்து நிமிட வேலை. அதன் விளைவு ஓர் ஏரிக்கரை வரைக்கும் போனது.

முப்பத்தைந்து வருடம் காஞ்சிபுரத்து அச்சகங்களில் எழுத்துக் கோத்தவள் நான். போன மாதம் உங்கள் பதிப்பக அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, ஒரு தங்கை கணினியில் ஒரு பத்தி முழுவதையும் சாய்த்தாள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். பிடிக்கவில்லை போலும், மறுபடி நிமிர்த்தினாள். இரண்டுக்கும் ஒரே பொத்தான்தான். "எதுக்கும்மா சாய்ச்சே?" என்று கேட்டேன். "சும்மாதான் மேடம், லுக்குக்காக" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவள் வயதில் நானும் இட்டாலிக் என்ற சாய்வெழுத்தை அப்படித்தான் நினைத்திருந்தேன். எதனால் மாற்றிக்கொண்டேன் என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அச்சகத்தில் கம்பாசிட்டர்கள் ஐந்து பேர். பெண் நான் ஒருத்திதான். எட்டாம் வகுப்பு முடித்து, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மிஷன் தொழிற்கூடத்தில் எழுத்துக் கோக்கக் கற்றிருந்தேன். ஆங்கிலத்தைப் பிழையில்லாமல் கோப்பேன். ஆனால் படித்துப் பொருள் புரிந்துகொள்வது மெதுவாகத்தான் வரும். எங்கள் வேலையில் அது ஒரு குறையாகவே தெரியாது. கண் எழுத்தைப் பார்க்கும், கை பெட்டியிலிருந்து ஈயத்தை எடுக்கும். பொருளுக்கு நடுவில் வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

சென்னையில் ஒரு பெரிய அச்சகம் தன் பழைய எழுத்துகளைக் கழித்தபோது எங்கள் முதலாளி ஓர் ஆங்கில எழுத்துக் குடும்பத்தை வாங்கிவந்தார். நேரெழுத்து ஒரு பெட்டி, அதன் இட்டாலிக் ஒரு பெட்டி. இட்டாலிக் பெட்டியை முதல்முதலில் திறந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நேரெழுத்தைச் சாய்த்தால் இட்டாலிக் ஆகிவிடும் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. நேரெழுத்து உளி பிடித்த கை செதுக்கியது மாதிரி நிற்கும். இட்டாலிக்கோ பேனா பிடித்த கை ஓடியது. சின்ன 'ஏ' தன் தலைக் கொக்கியை விட்டுவிட்டு ஒரே வளையமாகிவிடும். நேரெழுத்தில் கோட்டின் மேலேயே நின்றுவிடும் 'எஃப்', இட்டாலிக்கில் கோட்டுக்குக் கீழே வால் நீட்டும், மேலே தலையை அடுத்த எழுத்தின் இடத்துக்குள் நுழைக்கும். ஈய உடம்பை விட்டு வெளியே தொங்கும் அந்தத் தலை மிகவும் மெல்லியது, கொஞ்சம் அழுத்தினாலும் உடையும். அதனாலேயே 'எஃப்' பக்கத்தில் 'ஐ' வந்தால் இரண்டையும் ஒரே துண்டாக வார்த்துக் கொடுத்திருப்பார்கள். எங்கள் பெட்டியில் அந்த இரட்டைத் துண்டுகள் நான்கே நான்கு இருந்தன. பழைய சரக்கு, மற்றவை எங்கோ உடைந்து போயிருந்தன.

அழகு என்றால் அப்படி ஓர் அழகு. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணப் பத்திரிகையா, இட்டாலிக். கடைத் திறப்பு விழாவா, இட்டாலிக். வெளிநாட்டுக்குப் பட்டு அனுப்பும் ஒரு வியாபாரி, புடவையோடு வைக்கும் சீட்டு முழுவதையும் இட்டாலிக்கில் கேட்டார். துவைக்கும் முறை, மடிக்கும் முறை, எல்லாம் பொடி எழுத்தில் பன்னிரண்டு வரி. அச்சடித்துக் கையில் கொடுத்ததும் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தூரத்தில் பிடித்தார், மறுபடி கிட்டே கொண்டுபோனார். "நல்லாத்தாம்மா இருக்குது. ஆனா எல்லாரும் ஒரே நேரத்துல காதுல குசுகுசுன்னு பேசற மாதிரி இருக்குதே" என்றார். இட்டாலிக்கைப் பற்றி அதைவிடச் சரியாகச் சொன்னவர்கள் குறைவு. பக்கத்தில் நேரெழுத்து இருந்தால்தான் இட்டாலிக்குக்குக் குரல் உண்டு. நான் அன்று சிரித்துவிட்டு, கடைசி இரண்டு வரியை மட்டும் சாய்வாக விட்டு மற்றதை மாற்றிக் கொடுத்தேன். இட்டாலிக்கின் குணம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். அழகுக்கும் அழுத்தத்துக்குமான எழுத்து, அளவோடு போட வேண்டும், அவ்வளவுதான் என்று.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் திருப்பருத்திக்குன்றத்திலிருந்து நயினார் சார் வந்தார். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், ஜைனக் குடும்பம். சைக்கிளில் ஊர் ஊராகப் போய், ஏரி மதகுகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் கவனிப்பாரற்றுக் கிடந்த கல்வெட்டுகளைப் படித்துக் குறித்துவைத்திருந்தார். அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து ஒரு சிறு புத்தகமாகப் போட வேண்டும். அவருக்கு அப்போதே கண் மங்கத் தொடங்கியிருந்தது. பூதக்கண்ணாடியைப் பக்கத்தின் மேல் நகர்த்தி நகர்த்தித்தான் படிப்பார். முதலாளி அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். மற்ற நான்கு பேருக்கும் அது பிடிக்கவில்லை. "இங்கிலீஷ் புக்கு, அதுவும் பொம்பள கையில" என்று என் காதில் விழும்படியே பேசினார்கள்.

சார் தன் கைப்பிரதியில் அங்கங்கே சில சொற்களுக்குக் கீழே கோடு போட்டிருந்தார். கோடு போட்டால் இட்டாலிக் என்பது அச்சகத்துப் பால பாடம். முக்கியமான சொற்கள், அழுத்திச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டு அப்படியே கோத்தேன். புரூஃப் எடுத்துக் கொடுத்தேன். எட்டு நாள் கண்ணாடியை நகர்த்திப் படித்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தார். அச்சிடலாம் என்பதற்கு அந்தக் கையெழுத்துதான் அடையாளம்.

எட்டு எட்டுப் பக்கமாக மெஷினில் ஏற்றினோம். நான்காவது எட்டுப் பக்கம் ஏறிய நாள் மின்வெட்டுக் காலம். பகல் இரண்டு மணிக்குக் கரண்டு போனால் மறுநாள் காலையில்தான் வரும். ஒன்றேகால் மணிக்கு மெஷின்மேன் காதர் பாய் என்னைக் கூப்பிட்டார். இருபது தாள் ஓடியிருந்தது. ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லின் தலை மட்டும் விழவில்லை. குனிந்து பார்த்தேன். 'ஃபர்ஸ்ட்' என்ற சொல். முதல் துண்டு, அந்த எஃப்-ஐ இரட்டை, உடைந்திருந்தது.

மற்ற மூன்று இரட்டைத் துண்டுகளும் அதே எட்டுப் பக்கத்தில் வேறு இடங்களில் உட்கார்ந்திருந்தன. தனி 'எஃப்', தனி 'ஐ' எடுத்துச் செருகிப் பார்த்தேன். எஃப்பின் தலை ஐயின் புள்ளிமேல் ஏறி உட்கார்ந்தது. பத்தாவது தாளில் அதுவும் முறிந்தது. இன்னொரு எஃப் போட்டேன், அதுவும் போனது.

"மா, மணி ஒண்ணு நாப்பது. கரண்டு போயிடும். பைண்டிங்காரன் வேற வெளிய உக்காந்துக்கினு இருக்கான். இன்னா பண்ணலாம்?" என்றார் காதர் பாய்.

ஒரு சொல். அதுவும் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சாதாரணச் சொல். அது சாயாவிட்டால் கொஞ்சம் அழுத்தம் குறையும், வேறென்ன? நேரெழுத்துப் பெட்டியிலிருந்து ஐந்து எழுத்தை எடுத்துச் செருகி, இடைவெளியைச் சரிசெய்து, எழுத்துகளை இறுக்கும் சட்டத்தை முடுக்கினேன். மெஷின் ஓடியது. கரண்டு போவதற்குள் ஐந்நூறு தாளும் முடிந்தது. நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

முன்னுரையைக் கடைசியாகத்தான் கோப்பது வழக்கம். பத்து நாள் கழித்து அதைக் கோத்துக்கொண்டிருந்தேன். எப்போதும்போல எழுத்து எழுத்தாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். நடுவில் 'இட்டாலிக்ஸ்' என்ற சொல் வந்தது. எங்கள் தொழிலின் சொல் ஒரு புத்தகத்துக்குள் வருவது அபூர்வம் என்பதால் கை நின்றது. அந்த வாக்கியத்தை முதல்முறையாகப் படித்தேன். 'இட்டாலிக்கில் உள்ள சொற்கள் கல்லில் இல்லை. கல் உடைந்த இடங்களில் இருந்திருக்கக்கூடும் என்று நான் கருதுபவை மட்டுமே.'

எழுத்து அடுக்கும் வரிக்கோலைக் கீழே வைத்தேன். எழுந்து போய், அடுக்கி வைத்திருந்த தாள்களில் மேலே இருந்ததை எடுத்து அந்த வரியைத் தேடிப் படித்தேன். ஓர் ஏரியின் மதகடியில் கிடந்த கல்லைப் பற்றிய பக்கம். 'ஏரி நீர் வடவாய்க்கால் வயல்களுக்கு முதலில் பாய்வதாக.' அந்த 'முதலில்' தான் நான் நிமிர்த்திய சொல். சார் ஊகித்துச் சொன்னதை, கல்லே சொன்னதாக ஆக்கியிருந்தேன்.

அப்போதே சாரிடம் போயிருக்கலாம். ஒரு சின்னப் பிழைதிருத்தச் சீட்டு அச்சடித்துச் செருகியிருந்தால் அரை மணி நேர வேலை. நான் போகவில்லை. பின்னால் நின்றுகொண்டிருந்த நான்கு பேரின் முகம்தான் என் கண்முன் வந்தது. பொம்பள கையில கொடுத்தா இப்படித்தான் என்று சொல்வார்கள். கையெழுத்தான புரூஃபை மாற்றினவள் என்று முதலாளி ஆங்கில வேலையையே பிடுங்கிவிடுவார். ஒரு சொல்தானே, ஏதோ ஏரி, ஏதோ வாய்க்கால், எந்தக் காலத்துக் கல், யார் இதைத் தேடிப் படிக்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உட்கார்ந்து முன்னுரையைக் கோத்து முடித்தேன்.

புத்தகம் வந்த அன்று சார் எனக்கு ஒரு பிரதி கொடுத்தார். உள்ளே நடுங்கும் கையெழுத்தில், 'பிழையின்றிக் கோத்த மரகதத்துக்கு' என்று எழுதியிருந்தார். அதை வாங்கிக்கொண்டு கும்பிட்டேன். அந்தக் கும்பிடை நினைத்தால் எனக்கு இன்றும் கூசும்.

இரண்டு வருடம் நல்ல மழை. ஏரி நிறைந்தால் முதலில் யாருக்கு என்ற கேள்வியே எழாது. மூன்றாம் வருடம் ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றிவிட்டன. தை பிறந்து நவரைப் பட்டத்துக்கு நாற்று விடும் நேரத்தில் ஏரியில் பாதித் தண்ணீர்கூட இல்லை. அந்த ஏரி தாமல் போகும் வழியில் இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம், அவர்கள் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். ஏரிக்கு வடக்கு வாய்க்கால் ஒன்று, தெற்கு வாய்க்கால் ஒன்று. வடக்கு ஊர்க்காரர்கள் கையில் நயினார் சாரின் புத்தகம் இருந்தது. அவர் கல்லைப் படிக்கப் போனபோது முள்ளை வெட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கல்லைக் கழுவிக் கொடுத்தவர் பச்சையம்மா என்ற விவசாயி. புருஷன் இல்லை, நிலத்தை அவரே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றிக்காக சார் முதல் பிரதியை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். பச்சையம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஊர்ப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் படித்துச் சொன்னார்: கல்லிலேயே இருக்கிறது, நமக்குத்தான் முதல் தண்ணீர் என்று. அதை நம்பி வடக்குப் பக்கம் முழு நிலத்துக்கும் நாற்று விட்டுவிட்டார்கள். தெற்குக்காரர்கள் மதகில் வந்து நின்றார்கள். இரண்டு பேர் மண்டை உடைந்தது. தாசில்தார் விசாரணைக்குக் கூப்பிட்டார்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஒரு பிற்பகலில் நயினார் சார் அச்சகத்துக்கு வந்தார். பார்வை மேலும் போயிருந்தது, பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். என் மேஜைமேல் புத்தகத்தை வைத்தார்.

"மரகதம், முப்பதாம் பக்கத்தைக் கொஞ்சம் பாரும்மா. 'ஃபர்ஸ்ட்'னு ஒரு சொல். அது சாஞ்சிருக்குதா, நேரா இருக்குதா? பேரன் நேரா இருக்குதுங்கறான். அவனுக்கு வித்தியாசம் தெரியலன்னு நெனைக்கிறேன். நான் கோடு போட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

புத்தகத்தைத் திறக்க வேண்டிய தேவையே எனக்கு இல்லை. திறந்தேன். சும்மா பார்ப்பதுபோல் பார்த்தேன். ஆமாம் சார் சாய்ந்துதான் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அந்தக் கண்ணுக்கு அது போதும்.

"நேராத்தான் இருக்குதுங்க சார். நான்தான் மாத்தினேன்" என்றேன்.

உடைந்த துண்டு, மின்வெட்டு, காதர் பாய், எல்லாவற்றையும் சொன்னேன். சார் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் ஒன்று கேட்டார்.

"உனக்கு எப்ப தெரியும், அது தப்புன்னு?"

"முன்னுரை கோக்கும்போதுங்க."

"அப்போ நான் உனக்குப் புஸ்தகம் குடுத்த அன்னிக்கே தெரியும்."

"ஆமாங்க" என்றேன். எழுத்து உடைந்ததைச் சொன்னபோது அவர் முகம் மாறவில்லை. இதைக் கேட்டதும் மாறியது. பேரனின் தோளில் இருந்த கையை எடுத்து மேஜைமேல் ஊன்றிக்கொண்டார். "நான் கையெழுத்துப் போட்ட புரூஃப் இருக்குதா?" என்றார்.

இருந்தது. பழைய புரூஃப் கட்டுகள் என் பொறுப்பில்தான் இருந்தன. ஏரிச் சண்டையையும் தாசில்தார் விசாரணையையும் சார் அப்போதுதான் சொன்னார்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, நாலு குடும்பம் பிழைக்கும் இடத்தை நடத்துகிறவர். "ஏம்மா, புத்தி கெட்டுப்போச்சா? கையெழுத்துப் போட்ட பின்னாடி எழுத்த மாத்தற பிரஸ்ஸுன்னு தாலுகா ஆபீஸ்ல போய் நீயே சொல்லப் போறியா? அப்புறம் காலேஜ்காரன் கேள்வித்தாள் குடுப்பானா? சாரே போய்ப் பேசிக்குவாரு, விடு" என்றார்.

"அவர் பேசறத யாரும் நம்பலீங்க. புஸ்தகத்துல ஒண்ணு எழுதிட்டு வாயால வேற சொல்றாருன்னு வடக்குக்காரங்க சொல்றாங்க. தெற்குக்காரங்ககிட்ட ஏதோ வாங்கிட்டாருன்னு பேச்சாம்."

"அந்தக் கட்ட எடுத்துக்கினு வெளிய போனேன்னா நாளைக்கு இங்க வராதே."

கட்டை எடுத்துக்கொண்டு போனேன். தைரியமாகப் போனேன் என்று நினைக்க வேண்டாம். தாலுகா ஆபீஸ் வாசலிலிருந்து ஒருமுறை திரும்பி நடந்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

இரண்டு ஊரிலிருந்தும் ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். தாசில்தார் நடுவயதுக்காரர், பொறுமைசாலி. புரூஃபையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புரூஃபில் சொல் சாய்ந்திருந்தது, ஓரத்தில் சாரின் கையெழுத்து இருந்தது. புத்தகத்தில் அது நிமிர்ந்திருந்தது.

"ஒரே வார்த்தைதானேம்மா ரெண்டும்? ஸ்பெல்லிங்கூட மாறல. சாஞ்சிருந்தா என்ன, நேரா இருந்தா என்ன?" என்று கேட்டார்.

"சார், நேரா இருந்தா கல்லு சொல்லுது. சாஞ்சிருந்தா வாத்தியார் சொல்றாரு" என்றேன்.

அவர் முன்னுரையைப் புரட்டி அந்த வாக்கியத்தைப் படித்தார். பிறகு நயினார் சாரைப் பார்த்து, "சரி, நீங்க சொல்லுங்க. அந்த உடைஞ்ச எடத்துல அந்த வார்த்தை இருந்திருக்கும்னு இப்பவும் நெனைக்கிறீங்களா?" என்றார்.

இல்லை என்று சொல்லிவிட்டால் நயினார் சாருக்குச் சிக்கல் தீர்ந்துவிடும்.

"இருந்திருக்கும்னுதான் நெனைக்கிறேன். கடைசி எழுத்து கொஞ்சம் தெரியுது. வேற ரெண்டு ஊர்க் கல்லுலயும் இதே மாதிரி வருது" என்றார் சார். வடக்குப் பக்கத்தில் சலசலப்பு எழுந்தது. அது அடங்கும்வரை காத்திருந்து அவர் மேலே சொன்னார்: "ஆனா அது என் நெனைப்பு. என் நெனைப்ப வெச்சு ஒருத்தர் வயலுக்குத் தண்ணிய விட்டு இன்னொருத்தர் வயலக் காய விடக் கூடாது."

புத்தகத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று தாசில்தார் ஒதுக்கினார். அந்த வருடம் மூன்று நாள் வடக்கு, மூன்று நாள் தெற்கு என்று முறை வைத்தார். இருக்கிற தண்ணீருக்கு இரண்டு பக்கமும் பாதி நிலம்தான் தேறும். தெற்குக்காரர்கள் பாதிக்குத்தான் நாற்று விட்டிருந்தார்கள். முழுதும் விட்டவர்கள் வடக்குக்காரர்கள்.

வெளியே வந்தபோது ஒரு பெண் என் எதிரில் வந்து நின்றார். கறுத்த, ஒல்லியான உடம்பு, என் வயதுதான் இருக்கும். அவர்தான் பச்சையம்மா என்று அப்போது எனக்குத் தெரியாது.

"உன் எழுத்து சாஞ்சா இன்னா, நிமிந்தா இன்னாம்மா? என் நாத்து சாஞ்சிப்போச்சே. நீ நிமித்தி வெச்சதப் பாத்துத்தானே நான் அவ்ளோ வெத வுட்டேன்" என்றார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன். புரூஃப் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று உள்ளே கொஞ்சம் ஏறியிருந்த நிம்மதி அப்படியே இறங்கிவிட்டது. நான் சொன்ன உண்மை சாரின் மானத்தைக் காப்பாற்றியது. ஆனால் அது இரண்டு வருடத்துக்கு மேல் தாமதமாக வந்த உண்மை. தாமதத்தின் சுமை முழுதும் இந்தப் பெண்ணின் வயலில் இறங்கியிருந்தது.

பதினோரு நாள் வீட்டில் இருந்தேன். பிறகு காதர் பாய் வந்தார். "காலேஜ்ல இருந்து கொஸ்டின் பேப்பர் வந்து குவிஞ்சிக்கினு இருக்குது. நம்மாளுங்க ஸ்பெல்லிங்க கொல்றானுங்க. மொதலாளி வரச் சொன்னாரும்மா" என்றார். போனேன். முதலாளி அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை.

திரும்பச் சேர்ந்த வாரமே பிழைதிருத்தச் சீட்டைக் கோக்க உட்கார்ந்தேன். அந்தச் சொல்லைச் சீட்டிலாவது சரியாகச் சாய்த்துக் காட்ட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். மிச்சமிருந்த மூன்று இரட்டைத் துண்டுகளும் அதற்குள் உடைந்திருந்தன, புதிதுக்குச் சென்னைக்கு எழுதிப் போடலாமா என்று சாரிடம் கேட்கப் போனேன். அவர் என்னிடம் முன்போல் பேசவில்லை. வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினார்.

"எதுக்குச் சாய்க்கணும்? அந்தச் சொல் கல்லுல இல்ல, என் ஊகம், அச்சுல பிழை ஆயிடுச்சு. இத நேரா தமிழ்ல ஒரு தடவ, இங்கிலீஷ்ல ஒரு தடவ போடு. எல்லாருக்கும் புரியும்" என்றார்.

திரும்பி நடந்து வரும்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு மெஷின் பக்கத்தில் நின்று நான் என்னென்னவோ முட்டிமோதினேனே, ஓர் அடைப்புக்குறி போட்டிருந்தால் போதுமே. ஒரு நட்சத்திரக் குறி போட்டு அடியில் ஒரு வரி சேர்த்திருந்தால் போதுமே. இட்டாலிக் இல்லாமலே அந்த வேலையை நடத்தியிருக்கலாம். எனக்கு அது தோன்றாமல் போனதற்குக் காரணம் அவசரம் இல்லை. அந்தச் சொல் ஏன் சாய்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது, தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது. சைக்கிளில் போனால் அரை மணி நேரத் தூரத்தில் அதைச் சொல்லக்கூடிய ஆள் இருந்தார். அன்று பைண்டிங்காரர் ஒருநாள் காத்திருந்தால் யாருடைய வயலும் காய்ந்திருக்காது.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு புத்தகத்தில் சாய்ந்த சொல்லைப் பார்த்தால், அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். ஒரு நூலின் பெயராக இருக்கலாம். செடியின் பெயராக, வழக்கின் பெயராக, வேற்று மொழிச் சொல்லாக, ஒருவர் மனத்துக்குள் பேசுவதாக இருக்கலாம். வெறும் அழகாகவும் இருக்கலாம், அதிலும் தவறில்லை. ஆனால் சில சமயம் அது, 'இது எனக்கு நிச்சயமில்லை' என்று ஒரு மனிதர் நேர்மையாகச் சொல்லும் சொல்லாக இருக்கும். எழுத்துப் பெட்டியில் அதற்கென்று தனி உருவம் இல்லாததால் அவர் இட்டாலிக்கிடம் ஒப்படைத்திருப்பார். அதை நிமிர்த்தினால் அவருடைய சந்தேகத்தைத் திருடி, பொய்யான உறுதியைக் கையில் கொடுத்தவர்கள் ஆவோம். தவறு நடந்துவிட்டால், தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள். தெரிந்த அன்று அது ஒரு சீட்டோடு போய்விடும்.

சாரிடம் பிரதி வாங்கினவர்களின் பெயர்ப் பட்டியல் இருந்தது. பேரன் அதைப் படிக்க நான் எழுதிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பசைக் கிண்ணமும் சீட்டுக் கட்டுமாகக் கிளம்புவேன். பள்ளிக்கூடங்கள், நூலகங்கள், வக்கீல் வீடுகள். சிலர் சிரித்தார்கள், சிலர் காப்பி கொடுத்தார்கள். சில பிரதிகள் கிடைக்கவே இல்லை, அவை இன்னும் எங்கோ பொய் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். பட்டியலில் முதல் பெயராக இருந்த பச்சையம்மாவின் வீட்டுக்கு மட்டும் போகாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். சித்திரை கடைசியில் ஒருநாள் காலை, இனி வேறு வீடே இல்லை என்றானதும், பஸ் ஏறினேன்.

வடக்கு வாய்க்கால் ஓரமாக நடந்துபோனேன். பாதி நிலத்தில் நெல் அறுத்த அடித்தாள் தெரிந்தது. மறுபாதி வெடித்துக் கிடந்தது. கதவைத் திறந்த பச்சையம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வந்த காரணத்தைச் சொன்னேன். உள்ளே போய்ப் பரணிலிருந்து புத்தகத்தை எடுத்துவந்தார். பழைய பட்டுத் துணி ஒன்றில் சுற்றி வைத்திருந்தார்.

"அந்தச் சீட்டுல இன்னா எயுதியிருக்குது? படி."

படித்தேன். 'இப்பக்கத்தில் உள்ள முதலில் என்னும் சொல் கல்லில் இல்லை. அது ஆசிரியரின் ஊகம். சாய்வெழுத்தில் இருக்க வேண்டியது அச்சகத்தாரின் தவறால் நேரெழுத்தில் வந்துவிட்டது.'

"அச்சகத்தார்னா யாரு?"

"நான்தாங்க."

"அப்ப நான்னு போட வேண்டியதுதானே."

மடியில் செருகியிருந்த பேனாவை எடுத்து, 'அச்சகத்தாரின்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'எழுத்துக் கோத்த மரகதத்தின்' என்று எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு நடையில் என் எதிரே உட்கார்ந்து புத்தகத்தை விரித்துப் பிடித்தார்.

பசை தடவிச் சீட்டைப் பக்கத்தின் ஓரத்தில் வைத்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, தெருவில் காற்று அடித்துச் சீட்டின் முனை தூக்கியது. பச்சையம்மா தன் கட்டைவிரலை அதன்மேல் அழுத்தி வைத்தார். பசை காயும்வரை எடுக்கவில்லை.